பதினோராவது குழாய்

சாப்பிட்டு வந்ததும் மேடத்தைக் கூப்பிடச் சொல்கிறேன் என்று ஆஸ்பத்திரி கோகிலா சொல்லி முக்கால் மணி நேரம் ஆகிறது, ஒரு மனுஷி அப்படி என்னதான் சாப்பிடுவாள், வலது கையில் குழந்தை தலை வைத்துத் தூங்குவதால் டெல்பின் இடது கையாலேயே போனைத் திருப்பிப் பார்த்தாள், இரண்டு ஐம்பது. சத்தத்தை அணைத்துத் தலையணைக்கு அடியில் செருகியிருந்தாள். அதிர்ந்தால் தனக்கு மட்டும் தெரியும், வெளி அறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும் அத்தைக்குத் தெரியாது. புருஷன் பிரிட்டோவின் அம்மா அவள், காது அப்படி, பக்கத்து வீட்டுக் குக்கருக்கும் சேர்த்து விசில் எண்ணுகிற காது. ஒருவேளை அந்த வைதேகி மேடம் சாப்பிடவே போகவில்லையோ. கோகிலா போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினாளே, பொத்தினால் கேட்காது என்று நினைக்கிறார்கள், ‘அந்தத் திண்டுக்கல் கேஸ்’ என்று தெளிவாகக் காதில் விழுந்தது. காலையில் வாட்ஸப்பில் அந்தத் தாளை அனுப்பும்போது ‘அன்புள்ள மேடம்’ என்று இருந்தவள் மத்தியானத்துக்குள் கேஸ் ஆகிவிட்டாள். அவர்களுக்கே இப்போதுதான் தெரிந்திருக்கும். தெரிந்ததும் கூடிப் பேசுவார்கள், என்ன சொல்லலாம், யார் சொல்வது, வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாமா. பெரிய டாக்டர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும், மேஜைமேல் டெல்பினின் ஃபைல் விரிந்து கிடக்கும், முக்கால் மணி நேரம் அதற்குத்தான். மூடின இமைக்குள் மிலானியின் கருவிழி இடமும் வலமும் ஓடி நின்றது. பத்து மாதத்துக் குழந்தைக்கு என்ன கனவு வரும். யார் முகம் வரும்.

பதினொன்று, அதுதான் உறுத்தியது. தாளில் பதினொரு வரிசை. ஒவ்வொரு வரிசையும் ஒரு குழாய், ஒவ்வொரு குழாயிலும் ஒரு முட்டை மிதந்துகொண்டிருந்த நீர், அந்த நீரில் என்னென்ன எவ்வளவு இருந்தது என்று கட்டம் கட்டமாக, வைட்டமின் டி, கொழுப்பு, ஹார்மோன், சர்க்கரை, பெயர் தெரியாத அமிலங்கள். முட்டையைச் சுற்றியிருக்கிற நீரைப் பார்த்தே எது பிள்ளையாகும் எது ஆகாது என்று சொல்ல முடியுமா என்று ஓர் ஆராய்ச்சி. டெஸ்ட்டியூப் குழந்தைக்காக முட்டை எடுத்த அன்றைக்கு ஆராய்ச்சிக்குச் சம்மதமா என்று கேட்டார்கள், எப்படியும் கொட்டிவிடுகிற தண்ணிதான் மேடம் என்றார்கள், சம்மதம் என்று டிக் அடித்தாள், அதற்குக் கீழே முடிவுகளை அறிய விரும்புகிறேன் என்று ஒரு கட்டம் இருந்தது, அதையும் டிக் அடித்தாள். கட்டம் இருந்தால் டிக் அடிப்பவள். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள், ஒரு கேள்வியையும் விடாதே, தெரியாவிட்டாலும் எதையாவது எழுது. அந்த டிக்தான் இன்று வந்து நிற்கிறது. பதினொன்றாவது வரிசைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரக்குறி, அடியில் ‘உயிருடன் பிறந்த குழந்தை’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. மிலானி பதினொன்றாவது குழாயிலிருந்து வந்தவள். சரி. ஆனால் டெல்பினுக்கு எடுத்ததே பத்துதான். டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவில் கல்யாணப் பட்டு மடிப்புக்குள் இருக்கிறது, அத்தை கை வைக்காத ஒரே இடம், காலையில் கதவைத் தாழிட்டு எடுத்து மூன்று தரம் பார்த்துவிட்டாள், வலது பக்கம் ஆறு, இடது பக்கம் நான்கு, உறிஞ்சப்பட்ட நீர்ப்பைகள் மொத்தம் பத்து, பைக்கு ஒரு முட்டை, பைக்கு ஒரு குழாய். ஆறும் நாலும் எத்தனை தரம் கூட்டினாலும் பத்துதான். அதோடு விட்டதா. முதல் பத்து வரிசையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் போல, வைட்டமின் டி இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்திரண்டு, இருபத்தொன்று என்று போகிறது, பதினொன்றில் ஐந்தரை. கொழுப்பும் அப்படி, ஹார்மோனும் அப்படி. பத்து குழாய் ஒரு பெண்ணினுடையது, பதினொன்றாவது வேறு யாருடையதோ என்று சொல்ல டாக்டருக்குப் படிக்க வேண்டுமா, ஏழாம் வகுப்பில் தேறியவள் போதும்.

வேறு யாருடையதோ என்ன, பாண்டீஸ்வரியினுடையது. மதுரை ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பக்கத்துக் கட்டில். உசிலம்பட்டிக்காரி, டெல்பினைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும், பச்சை கவுனைக் கட்டத் தெரியாமல் முன்பக்கம் முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாத பசியிலும் பேசிக்கொண்டே இருந்தாள். “எனக்கு இது மூணாந்தடவை தங்கச்சி. எங்க வீட்டுல நாப்பது கோழி இருக்கு. அதுங்க சும்மா போற போக்குல இட்டுட்டுப் போகுது, நமக்குப் பாரு, ஊசி என்ன, ஸ்கேன் என்ன, மயக்க மருந்து என்ன. கோழிக்குத் தெரிஞ்சா சிரிக்கும்.” டெல்பினுக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தால் அடிவயிறு இழுத்தது, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தார்கள். “உனக்கு எத்தனைன்னாங்க?” “பத்து.” “யம்மாடி. எனக்கு ரெண்டு தேறலாம்னு சொல்லியிருக்காங்க. எட்டு மிச்சமிருந்தா இங்கிட்டுத் தள்ளிவிடு.” விளையாட்டுக்குச் சொன்னாள். விளையாட்டுக்குத்தான். அவளை முதலில் கூட்டிக்கொண்டு போனார்கள், கால்மணி கழித்து அதே மேஜைக்கு டெல்பினை. ரெக்சின் இன்னும் சூடாக இருந்தது. சுவரில் ஒரு சின்ன ஜன்னல், மாதா கோயிலில் ஃபாதரிடம் பாவம் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டில் இருக்குமே அந்த அளவு, அதற்கு அந்தப் பக்கம் லேப், டாக்டர் உறிஞ்சி நிரப்புகிற குழாயை நர்ஸ் அதன் வழியே கொடுப்பாள், உள்ளேயிருந்து பெண் குரல் முட்டை இருக்கு என்றோ இல்லை என்றோ சொல்லும், அதெல்லாம் பிற்பாடு பிரிட்டோ படித்துச் சொன்னது, அவளுக்கு நினைவிருப்பது மயக்கம் ஏறுமுன் கண்ட ஜன்னல் விளிம்புதான். அந்த விளிம்பில் ஒரு தாங்கி இருந்தது. தாங்கியில் குழாய் இருந்தது. வெளுத்த ரோஸ் நிறத்தில் நீர். இருந்ததா, இருந்ததாக இன்று காலை பதினொன்றே முக்காலிலிருந்து தோன்றுகிறதா. பின்னால் ஒட்டவைத்த ஞாபகம் எது, முன்னாலேயே இருந்தது எது என்று பிரித்துச் சொல்ல ஒரு லேப் இல்லை. தன்னிடமிருந்து அப்போது யாரும் எதையும் இன்னும் எடுக்கவில்லை, பின்னே அது யாருடைய குழாய். பாண்டீஸ்வரிக்கு அன்றைக்கு ஒரு முட்டைதான் கிடைத்தது, அதுவும் கருவாகவில்லை. இரண்டு தேறலாம் என்றார்களே, இன்னொன்று எங்கே போனது.

“ஏம்மா டெல்பினு, தூங்கிருச்சா?” அத்தை நிலைப்படியில் நின்றாள், முந்தானையில் கீரைக்காம்பு ஒட்டியிருந்தது. தூங்குது அத்தை என்று உதட்டை மட்டும் அசைத்தாள். போகவில்லை. குனிந்து குழந்தையின் முகவாயைப் பார்த்தாள், தூக்கத்தில் சிரிக்கும்போது இடது கன்னத்தில் விழுகிற குழியைப் பார்த்தாள். “இந்தக் குழி எங்கேர்ந்துதான் வந்துச்சோ. எங்க பக்கத்துல ஒருத்தருக்கும் கிடையாது. உங்க அம்மா பக்கமா?” “எங்க சித்தப்பாவுக்கு இருக்கு அத்தை.” “எந்தச் சித்தப்பா, அந்த ரயில்வேக்காரரா? அவரு கன்னமே ஒட்டிப்போயில்ல கெடக்கும்.” “சின்ன வயசுல இருந்துச்சு.” “என்னமோ போ. மாதா குடுத்த பிள்ளை, மாதாவுக்கு இருந்துச்சோ என்னமோ.” நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனாள். ஏன் இன்று கேட்டாள். பத்து மாதமாகக் குழி இருக்கிறது, பத்து மாதமாக அத்தைக்குக் கண்ணும் இருக்கிறது. காலையில் பீரோக் கதவு கிறீச்சிட்டது கேட்டிருக்கும். அத்தையைப் பொறுத்தவரை இது வேளாங்கண்ணி நேர்ச்சை, மொட்டையடித்து, வெள்ளித்தொட்டில் காணிக்கை போட்டு, பங்குக் கோயிலில் நன்றிப்பூசை வைத்து, ஃபாதர் மேடையிலேயே ஜெபத்தின் வல்லமை என்று பேசி முடித்த விஷயம். கண்ணாடித் தட்டில் உண்டான பிள்ளை என்றால் அதே ஃபாதர் என்ன சொல்வார் என்று பிரிட்டோவுக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும், திருச்சபை அதை ஒப்புக்கொள்வதில்லை, மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் பெனெடிக்டா வரி பிசகாமல் எழுதிப்போட்டாள். பாங்கில் பயிற்சி என்று அத்தையிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறிய நாட்கள் இருபத்தாறு. பொய் சொல்லிப் பெற்ற பிள்ளை பொய்யாகத்தானே இருக்கும். சீ, என்ன நினைப்பு. கணக்குப் பாடமும் அந்த சிஸ்டர் பெனெடிக்டாதான், விடை சரியாயிருந்தாலும் அடிப்பாள், வழி எங்கே, வழியைக் காட்டு, நீ எப்படி இந்த விடைக்கு வந்தாய். வழி எனக்குத் தெரியாது சிஸ்டர். நான் மயக்கத்தில் இருந்தேன்.

மத்தியானம் பிரிட்டோவைக் கூப்பிட்டபோது மில்லில் சத்தம், வெளியே வந்து பேசுங்க என்றாள், வந்தான். “பத்தா பதினொண்ணா, இதுக்கா கூப்பிட்ட? டைப் பண்ணினவன் தப்பா அடிச்சிருப்பான் டெல்பி.” “மதிப்பெல்லாம் வேற மாதிரி இருக்குங்க.” “நம்ம பாப்பா நல்லாத்தான இருக்கா? சாப்பிடுறா, தூங்குறா, என் மூக்கைக் கடிக்கிறா. எதுக்கு இப்ப அதெல்லாம்.” எதுக்கு இப்ப அதெல்லாம் என்று ஏன் சொன்னான். இல்லை என்று சொல்லவில்லை, அப்படியெல்லாம் இருக்காது என்றும் சொல்லவில்லை. அவனுக்குக் கவலையில்லை, எந்த முட்டையாயிருந்தாலும் மற்றது அவனுடையதுதானே, மூக்கு அவனுடைய மூக்கு, மிலானியின் மூக்கை யாரும் எந்தக் குழாயிலும் தேட வேண்டாம். சந்தேகம் முழுக்கத் தன் பாதியில்தான். அப்படி ஒரு பக்கமாகப் பார்த்தால் இந்தக் குழந்தை அவனுக்கும் இன்னொரு பெண்ணுக்கும், டெல்பின் வெறும் வயிறு. ஆனால் ஒன்பது மாதம் புரண்டது யார் வயிற்றில், தையல் யாருக்கு, பால் கட்டிக் காய்ச்சல் வந்தது யாருக்கு. அதெல்லாம் கணக்கில் வருமா. ஒரு கோர்ட்டில் அதற்கு என்ன மதிப்பெண் போடுவார்கள். குழந்தையின் காதைப் பார்த்தாள், மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது, தன் காதைத் தொட்டுப் பார்த்தாள், தொங்கியது, கம்மல் இழுத்ததால் தொங்குகிறதா பிறவியிலேயேவா என்று தெரியவில்லை. பாண்டீஸ்வரியின் காது எப்படி இருந்தது. தோட்டைக் கழற்றி நர்ஸிடம் கொடுத்தாளே, அப்போது பார்த்திருக்கலாம். கன்னம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது கன்னத்தில் குழி விழுந்ததா. முகம் வர மாட்டேன் என்கிறது, பச்சை கவுனும் முன்முடிச்சும்தான் வருகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மிலானியின் முகம் பெரிதாகி வந்து உட்கார்கிறது. மூன்று மாதம் முன்னால் பாண்டீஸ்வரி செய்தி அனுப்பியிருந்தாள், ‘தங்கச்சி பாப்பா போட்டோ ஒன்னு அனுப்பு, ஆசையா இருக்கு’. டெல்பின் பதில் போடவில்லை, கண்ணேறு பட்டுவிடும் என்று அப்போது நினைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு தரம் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. எதற்குப் போட்டோ கேட்டாள். அவளும் அந்த ஆராய்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டாள், டெல்பினின் பேனாவை வாங்கித்தான் போட்டாள். இன்று காலை அவளுக்கும் ஒரு தாள் போயிருக்கும். அதில் ஒரு குழாய் குறைந்திருக்கும். ஆங்கிலம் தெரியாது அவளுக்கு, ஆனால் எண் தெரியும், கோழி எண்ணுகிறவள். அவள் புருஷன் எடுத்துக்கொண்டு போய் யாரிடமாவது காட்டுவான். யாராவது விளக்கிச் சொல்வார்கள். அப்புறம் ஒரு நாள் வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்கும்.

தலையணை அதிர்ந்தது.

“டெல்பின், வைதேகி பேசறேன். லேப். சாரி, சாப்பிட உக்கார்ந்தேன், நடுவுல ஒரு கேஸ் வந்துடுச்சு. அந்தத் தாளை உங்களுக்கு அனுப்பினது எங்க தப்பு.”

தப்பு. அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டாள். “எனக்குப் பத்துதான் மேடம் எடுத்தீங்க,” என்றாள் டெல்பின், குரலை அத்தைக்கு எட்டாமல் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு.

“பத்துதான். குழாய் பதினொண்ணு. நான் சொல்றேன் கேளுங்க. நாங்க பையை எண்ண மாட்டோம், ஜன்னல்ல வர்ற குழாயைத்தான் எண்ணுவோம். உங்க பத்தாவது பையை உறிஞ்சினப்போ முட்டை வரல. சில சமயம் உள்ளேயே ஒட்டிட்டு நிக்கும். டாக்டர் அதே ஊசி வழியா மருந்துத்தண்ணி விட்டுக் கழுவி மறுபடி உறிஞ்சினாங்க. அந்தக் கழுவின தண்ணிலதான் முட்டை வந்துச்சு. அது பதினோராவது குழாய். அதுல உங்க நீர் கால்பங்கு, எங்க தண்ணி முக்கால்பங்கு. கழுவின குழாயை ஆராய்ச்சிக்கு அனுப்பவே கூடாது, புதுசா வந்த பொண்ணு முட்டை இருந்த குழாய்னு பார்த்து எடுத்து வச்சிட்டா. பத்தாவது வரிசையை நாலால வகுத்துப் பாருங்க.”

இருபத்திரண்டை நாலால் வகுத்தால் ஐந்தரை. ஐந்தரைதான் இருந்தது. கொழுப்பையும் மனசுக்குள் வகுத்தாள், சரியாக வந்தது. பாரம் ஒன்று மார்பிலிருந்து இறங்கப் பார்த்தது, பாதியில் நின்றது. “சர்க்கரை மட்டும் குறையலையே மேடம். அது அப்படியே இருக்கு.”

“கழுவற தண்ணியிலயே சர்க்கரை உண்டு. அதனால.”

எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. கேள்வி முடியுமுன்னே இருந்தது. முக்கால் மணி நேரத்தில் எத்தனை பதில் வேண்டுமானாலும் தயார் பண்ணலாம், ஆனால் நாலால் வகுபடுகிற எண்களை யார் தயார் பண்ண முடியும், அந்தத் தாள் காலையிலேயே வந்துவிட்டதே. வழி இதோ இருக்கிறது சிஸ்டர், படிப்படியாக, கோடு போட்டு. நம்பு. நம்பினால் என்ன குறைந்துவிடும்.

“அன்னைக்கு எனக்கு முன்னாடி ஒருத்தங்களுக்கு எடுத்தீங்க மேடம். உசிலம்பட்டி.”

“புரியுது நீங்க எங்க வர்றீங்கன்னு.” வைதேகியின் குரல் இறங்கியது, பெரியம்மா மாதிரி ஆனது. “ஒருத்தர் குழாய் உள்ள இருக்கும்போது அடுத்தவங்களை மேஜையில ஏத்தவே மாட்டோம். உங்க மனசுக்கு இன்னும் சந்தேகம் இருந்தா ஒண்ணு சொல்றேன். அந்தப் பதினொண்ணுல மிச்சம் இங்க ஃப்ரீசர்ல இருக்கு. அஞ்சு வருஷம் வச்சிருப்போம். அந்த நீர்ல அம்மாவோட செல்லும் கொஞ்சம் இருக்கும். உங்க எச்சில் ஒரு சொட்டு வச்சு ஒப்பிட்டா யாரோடதுன்னு நிச்சயமா தெரிஞ்சிடும். கட்டணம் வேண்டாம், நாங்களே பண்ணித் தர்றோம்.”

ஆறுதலாகச் சொன்னது. ஆறுதல் மாதிரியே இருந்தது, இரண்டு மூச்சு விடுகிற நேரம். மூன்றாவது மூச்சில் அந்த ஃப்ரீசர் தெரிந்தது, வெள்ளைக் கதவு, உள்ளே புகையும் பனி, அடுக்கில் ஒரு பொடிக்குழாய், அதற்குள் உறைந்து கிடக்கிற யாரோ. நிச்சயமாகத் தெரிந்துவிடும். யார் கேட்டாலும் தெரிந்துவிடும். இன்றைக்கு இவள் கேட்கலாம், நாளைக்கு இன்னொருத்தி எச்சிலைக் கொண்டுவந்து வைக்கலாம். காலையிலிருந்து தன்னை அரித்தது மிலானி தன்னுடையவளா என்ற கேள்வி என்றுதான் டெல்பின் நினைத்துக்கொண்டிருந்தாள். அது இல்லை. அந்தக் கேள்வியை யார் யாரெல்லாம் கேட்கலாம் என்பதுதான். தனக்கு விடை வேண்டியதில்லை. விடை ஒன்று எங்கேயோ ஒரு பெட்டிக்குள், மைனஸ் எண்பது டிகிரிக் குளிரில், அஞ்சு வருஷம் கெடாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

“ஆராய்ச்சியிலேர்ந்து எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு போட்டிருந்தீங்கல்ல மேடம்?”

“ஆமா. ஏன்?”

“நான் விலகிக்கிறேன். என் குழாய் பதினொண்ணையும் கொட்டிடுங்க.”

அந்தப் பக்கம் ஏசியின் இரைச்சலுக்கு நடுவே ஃபைலை மூடுகிற சத்தம் கேட்டது. வெளி அறையில் அத்தை கீரை உருவுவதை நிறுத்தியிருந்தாள், அந்த நிறுத்தமும் கேட்டது.

“சோதனை வேண்டாமா?”

“வேண்டாம் மேடம். எனக்குச் சந்தேகமே இல்ல. நீங்க சொன்னது புரிஞ்சிடுச்சு.”

“சரி. ஒரு மெயில் போட்டுடுங்க, ரெண்டு வரி போதும். நாளைக்குக் காலையில எடுத்துடறோம்.”

நாளைக்குக் காலை. நடுவில் ஒரு ராத்திரி முழுக்க இருக்கிறது. “இன்னைக்கே முடியாதா மேடம்? மெயில் இப்பவே போட்டுடறேன்.” பேசிக்கொண்டே போனைக் காதிலிருந்து எடுத்து இடது கட்டைவிரலால் தட்டினாள், எழுத்துகள் இடறின, திருத்தவில்லை, அடியில் முழுப்பெயரை மட்டும் பிழையில்லாமல் போட்டாள், டெல்பின் மேரி, மிலானியின் தாய். அனுப்பினாள். போனை மறுபடி காதில் வைத்தபோது வைதேகி அதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

“வந்துடுச்சு,” என்றாள் வைதேகி. “சாயந்திரம் நானே என் கையால கொட்டிடறேன். பதிவேட்டிலயும் எழுதிடறேன். நீங்க நிம்மதியா இருங்க.”

ஏன் என்று கேட்கவில்லை. ஒரு தரம்கூட இன்னும் யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. ஆராய்ச்சிக்காக ஒரு சொட்டையும் வீணாக்காதவள், பதினொரு குழாயைக் கொட்டு என்றவுடன் சரி என்றுவிட்டாள், சொன்ன குரலில் பெருமூச்சு மாதிரி ஒன்றும் இருந்தது, அல்லது அது ஏசியாக இருக்கலாம். டெல்பின் நன்றி மேடம் என்றாள். பரவாயில்லை என்றாள் வைதேகி. இரண்டு பேரும் உடனே வைக்கவில்லை. யார் முதலில் வைப்பது என்று பார்த்துக்கொண்டு போனின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள்.